நாலு ஆகும்வரை

5.7.93 திங்கள்

காலையிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் கொடியில் ஈரமாகவே. பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் டாக்டரம்மா.

எடை 54. பிரஷர் 110/70. நாடி 88. கால் வீக்கம் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் பிரியும் மாத்திரை தினம் ஒன்று, மாற்றமில்லை. கணக்குப்படி இன்னும் பதினெட்டு நாள். ஆனால் இனி எந்த நாளும் ஆகலாமாம்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு இருதயம் வரைந்து காட்டினார். நடுவில் ஒரு கதவு. "உனக்கு இந்தக் கதவு பாதிதான் திறக்குது. சும்மா இருக்கையில பாதிக் கதவு போதும். பிரசவ வலி வந்தா நெஞ்சு வேகமா அடிக்கும், ரத்தம் வந்து கதவுல முட்டும். பின்னால நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிடும்."

கோத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கூட வந்த வீட்டுக்காரர், இவரும் கேட்கவில்லை.

"அதனால வலியே தெரியாமப் பாத்துக்கிடணும். முதுகுல மெல்லிசா ஒரு குழாய் வச்சு, அது வழியா மருந்து ஏத்துவாங்க. எபிடூரல்னு பேரு. உனக்கு அது சொகுசு இல்லம்மா, மருந்து."

"எப்பம் போடுவீங்க?"

"அதத்தான் நாளைக்கு மயக்க மருந்து டாக்டர்ட்ட பேசணும்."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. இவர் உட்காரவில்லை. தச்சநல்லூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். பன்னிரண்டு வயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல். இருதயத்தில் ஏறிவிட்டது. இருபது நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு பத்தொன்பது வயது வரை மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. பெண் பார்க்க வந்தபோது அம்மா எல்லாச் சீட்டையும் எரித்தாள். "கேட்டா மூட்டுவலின்னு சொல்லு" என்றாள். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் படி ஏறும்போது மூச்சு நின்றுவிட்டது போல் ஆயிற்று. மதுரையில் சோதனை. "சின்ன வயசுல காய்ச்சல் வந்து படுத்திருந்தீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார். இவர் பக்கத்தில் நின்றார். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து இவருடைய பேச்சு இவ்வளவுதான்: மாத்திரை போட்டாச்சா. குடை எடுத்தாச்சா. கதவைப் பூட்டிட்டியா.

ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அத்தைக்கு இன்னும் தெரியாது. தன் அம்மாவிடம் இவர் சொல்லவில்லை. எனக்காகவா, வெட்கமா, தெரியவில்லை.

6.7.93 செவ்வாய்

மயக்க மருந்து டாக்டர். இனி ம.டா. முழுதாய் எழுத நீளம்.

ஒல்லியான ஆள், ஐம்பது இருக்கும். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே வந்தார். வராந்தாவில் நின்றபடி ஒரு உளுந்த வடையைத் தின்று, கைக்குட்டையில் விரல் துடைத்துவிட்டு என் முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு எண்ணுகிறார்.

அவர் சொன்னது, மறந்துவிடாமல்:

சீக்கிரம் போட்டால் வலி நின்று போகலாம். குழந்தை இறங்காது. அப்புறம் வயிற்றைக் கிழிக்க வேண்டும். என் நெஞ்சுக்கு அதுவும் ஆகாது.

பிந்திப் போட்டால் வலியில் என்னால் அசையாமல் குனிந்து உட்கார முடியாது. குழாய் வைக்க இருபது நிமிடம், மருந்து பிடிக்க இன்னும் நேரம்.

மருந்தை மளமளவென்று ஏற்றினால் பிரஷர் விழும்.

ஆகவே கர்ப்பப்பை வாய் நாலு செ.மீ. திறந்த பிறகு.

டாக்டரம்மா: "நாலு வரைக்கும் இவ தாங்கணுமே, சார்."

ம.டா.: "ரெண்டுல போட்டு நின்னுட்டுன்னா என்ன செய்வீங்க?"

"நாடி நூறைத் தாண்டினா நான் கூப்பிட்டுருவேன்."

"கூப்பிடுங்க. ஆனா நாலு ஆகட்டும்."

என் முதுகை நடுவில் வைத்துக்கொண்டு காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவது போல இரண்டு பேரும்.

"நானே கேட்டா போடுவீங்களா?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ம.டா. சொன்னார்: "வலிக்குன்னு எல்லாருந்தான் கேப்பாங்கம்மா. அத வச்சு முடிவெடுக்க முடியாது." பிறகு: "உங்கிட்ட மறைக்கல. பிரசவத்துக்கு இது வரைக்கும் ஆறு பேருக்குத்தான் போட்டிருக்கேன். உன்ன மாதிரி நெஞ்சு உள்ளவங்களுக்குப் போட்டதில்ல. ஆபரேஷனுக்கு நிறையப் போட்டிருக்கேன், பயப்படாத."

கிளம்பும்போது டாக்டரம்மா என் தோளைப் பிடித்துச் சொன்னார். "வலியச் சொல்லாத. மூச்சச் சொல்லு. மூச்சு முட்டுதுன்னு சொன்னா ஓடி வருவோம்."

ம.டா. ஏழு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை. ஏழு போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். வீடு வருவதற்குள் மனப்பாடம். ஆறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்ததில் அது ஒன்றுதான் மிச்சம்.

இரவுக்குக் கஞ்சி. உப்பில்லாமல்.

7.7.93 புதன்

வெயில் ஒரு மணி நேரம். துணி காய்ந்தது.

மத்தியான பஸ்ஸில் அம்பையிலிருந்து அம்மா. கொண்டுவந்தவை: பழைய வேட்டித் துணி ஒரு மூட்டை, சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய், ஒரு தார் நாட்டுப்பழம். பிரசவத்துக்கு நான் அங்கே போகாமல் அவள் இங்கே வர வேண்டியதாகிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே முகம் சரியில்லை.

ஊசி விஷயம் சொன்னேன்.

"முதுகெலும்புலயா? என்னட்டி சொல்லுத? எதுத்த வீட்டுப் பார்வதிக்கு முதுகுல ஊசி குத்தி ஆறு மாசம் குனிஞ்சு ஒரு செம்பு எடுக்க முடியல. நீ பொறக்கையில எனக்கு ஒண்ணரை நாள் வலி. எனக்கு யாரு ஊசி போட்டா?"

"ஒனக்கு நெஞ்சு நல்லாருந்துச்சு."

அடுக்களைக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருட்டும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக: "ரத்தம் கொஞ்சம் கம்மி அவளுக்கு. அதான் டாக்டர் டவுன்லயே இருக்கச் சொல்லிட்டாவ." இன்னும் பொய். இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பவில்லை.

8.7.93 வியாழன்

படுத்தால் இருமல். மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூக்கம். தூக்கம் என்று சொல்ல முடியாது.

ஜெயராணி வேலை முடிந்து நேரே வந்தாள். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலி அவள். பிஸ்கட் கொண்டுவந்தாள், பாதியை அவளே தின்றாள். ஏழு நம்பரையும் அவளிடம் எழுதிக் கொடுத்தேன்.

"இந்த வாரம் பூரா எனக்குக் காலை டூட்டிதான். அந்த மனுசன் எங்கன இருந்தாலும் லைன்ல பிடிச்சுக் கொடுத்துருதேன். நீ பிள்ளையப் பெறுத வேலைய மட்டும் பாரு."

அவள் போனதும் அழுகை. காரணம் ஒன்றுமில்லை. எல்லாமே காரணம்.

நான் இல்லாவிட்டால்:

அம்மாவை இவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மறைத்ததில் பாதி நான்.

பெண்ணானால் கோமதி என்று என் பெயரை வைக்க வேண்டாம். வேறு எதுவும்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூட்டு வலித்தால் உடனே டாக்டர். அதே நாளில்.

நீல வாயில் சேலை ஜெயராணிக்கு.

இதற்கு மேல் யோசித்துப் பார்த்தேன். வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நெஞ்சுக்காக மட்டும் இல்லை, எனக்கு வலி என்றாலே பயம். பெரியம்மா மகளின் பிரசவத்துக்குப் போய் வாசலில் இருந்து கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருதயம் நன்றாக இருந்திருந்தால் இந்த ஊசியைக் கேட்கிற தைரியம் எனக்கு வந்திருக்காது. கேட்டாலும் யார் கொடுப்பார்கள். நோயாளி என்பதால் கேட்க முடிகிறது. கேட்டாலும் நாலு ஆக வேண்டும்.

மூன்று செ.மீட்டரில் செத்துப்போனால் யாருடைய கணக்கு சரி?

9.7.93 வெள்ளி

வலி இல்லை. இடுப்பில் ஒரு பிடிப்பு, வந்து போய்விட்டது. நாடி 90. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து திருநீறு பூசினாள், நெற்றியில் அல்ல, முதுகில்.

இவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம், பள்ளிக்கூடத்தில். அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

10.7.93 சனி

5.20. வலிதான். சந்தேகமே இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று.

6.40. ஆஸ்பத்திரி. ஆட்டோவில் அம்மா என் கையை விடவில்லை. இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில். திறப்பு 2. நாடி 94.

7.15. டாக்டரம்மா போன் செய்தார். ம.டா. அம்பாசமுத்திரத்தில். மூன்று ஆபரேஷன். ஒரு மணிக்குள் வந்துவிடுவாராம். பன்னிரண்டுக்கு முன்னால் நாலு ஆகாது, தலைப்பிள்ளைதானே என்றாராம்.

8.00. எட்டு நிமிடத்துக்கு ஒன்று. ட்ரங்க்கால் மாதிரி கடிகாரம் பார்த்து எண்ணுகிறேன். அது இருந்தால்தான் பிடிப்பு.

8.50. நா. 98. இரண்டரை.

9.20. நா. 106. நானே எண்ணியது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். திரும்ப போன் செய்தார். கதவு திறந்திருந்தது, கேட்டது: "சார், நூறைத் தாண்டிட்டு." அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. "மூணு இருக்கும். இல்ல, நாலு இல்ல. சரி. சரி, சார்."

நாலு ஆகட்டும்.

9.45. கை எழுத மாட்டே

அதே நாள். பகல் 1.10

எழுத முடிகிறது. வலி இல்லை. வயிறு இறுகுவது கையை வைத்தால் தெரிகிறது, உள்ளே தெரியவில்லை. கால் இரண்டும் வெந்நீரில் கிடப்பது போல. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், மூக்கில் ஆக்ஸிஜன். ம.டா. பக்கத்து ஸ்டூலில். என் மணிக்கட்டைப் பிடித்தபடி. நோட்டு வேண்டும் என்றேன். "எழுதும்மா, எழுதினா நாடி இறங்குது" என்றார்.

நடந்ததை நடந்தபடி.

பத்து மணிக்கு அடுத்த அறையில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. டாக்டரம்மா அங்கே ஓடினார். என்னிடம் ஒரு சிஸ்டர். நல்ல பெண்தான், இரவு டூட்டி முடிந்தும் போகாமல் இருந்தவள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அதோடு இருமல். முதலில் சின்னதாக. பிறகு நிற்கவில்லை. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். தொண்டைக்குள் களகளவென்று ஒரு சத்தம், என்னுடையதுதான்.

"சிஸ்டர், மூச்சு முட்டுது."

"வலி வரும்போது எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். வாயத் திறந்து பைய மூச்சு விடுங்க."

"வலி இல்ல, மூச்சு."

"இந்தா, இப்பம் போயிரும். அடுத்த வலி வரதுக்குள்ள ஒரு மடக்கு தண்ணி குடிங்க."

நாடி பிடித்தாள். அடுத்த அறையையே பார்த்துக்கொண்டு பிடித்தாள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது. அது வேலை செய்யவில்லை. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. மூச்சும் இல்லை. கத்தவாவது முடிந்தால் யாராவது வருவார்கள். கத்துவதற்குக் காற்று வேண்டும். இப்படித்தான் முடியப் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. பயம்கூட இல்லை, கோபம். மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா. உள்ளே வரக் கூடாது என்று சிஸ்டர் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வலியில வார இருமல் இல்ல, தாயி. எனக்குத் தெரியும். இவளுக்குப் பன்னெண்டு வயசுல இருபது நாள் இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் தரையில கெடந்தேன். அவளுக்கு நெஞ்சுல சீக்கு. சின்னதுலருந்து. கட்டிக் கொடுக்கையில நான்தான் மறச்சேன். சீட்டையெல்லாம் எரிச்சவ நான்தான். எழுதிக்கோ. எல்லாத்தையும் எழுதிக்கோ. அந்த முதுகு ஊசிய இப்பமே போடச் சொல்லு."

சத்தமாகச் சொன்னாள். வராந்தா முழுக்கக் கேட்கும்படி. வராந்தாவில் அத்தை நின்றாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், கையில் தூக்குச்சட்டி. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

சிஸ்டர் ஓடினாள். டாக்டரம்மா கையுறையோடு வந்தார். என் முதுகில் காதுக்குழல் வைத்த உடனே முகம் மாறியது. ஆக்ஸிஜன். கையில் ஊசி, தண்ணீர் இறங்க. "நாலும் வேண்டாம், மூணும் வேண்டாம். அந்த மனுசனக் கூட்டிட்டு வாங்க."

அம்பாசமுத்திரத்தில் அவர் இல்லை. கிளம்பிவிட்டார். எங்கே என்று தெரியாது.

மீதி ஜெயராணி சொன்னது. பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சிஸ்டரிடம் சொல்லி அனுப்பினாள். இவர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாராம். ஜெயராணி ஏழு நம்பரையும் வரிசையாகப் போட்டிருக்கிறாள். ஐந்தாவதில் கிடைத்தார். ஜங்ஷன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், கால் எலும்பு முறிந்த ஒருவருக்கு மயக்கம் கொடுக்கக் கை கழுவிக்கொண்டிருந்தாராம். லைனை இவருக்குக் கொடுத்துவிட்டு ஜெயராணி காதை எடுக்கவில்லை. அது தப்பு. ஆபரேட்டர் எல்லாரும் செய்கிற தப்பு.

அவர் கேட்டாராம்: "எத்தன ஆயிருக்கு?"

இவர்: "மூணர, சார். நாலு ஆகல. நாலு ஆகையில ஆளு இருக்க மாட்டா. நான் ஆட்டோவக் கொண்டு வாசலுக்கு வாரேன், நீங்க இறங்கி நில்லுங்க."

இவ்வளவு நீளமாக இவர் பேசி நான் ஐந்து மாதமாகக் கேட்டதில்லை.

11.30க்கு ம.டா. வந்தார். சட்டை பூராவும் சாரல் நனைந்து. கட்டிலில் என்னைக் குனிந்து உட்காரச் சொன்னார். அதே சிஸ்டர் என் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "அசையாத தாயி. வலி வந்தா சொல்லு, நான் நிறுத்துதேன்." இரண்டு வலி வந்தது. இரண்டு முறையும் நிறுத்தினார். முதுகில் ஒரு அழுத்தம், ஜில்லென்று ஒன்று. பிறகு மருந்து, கொஞ்சம், நிறுத்தம், பிரஷர், கொஞ்சம், நிறுத்தம். பன்னிரண்டே காலுக்கு ஒரு வலி பாதியாக வந்தது. அடுத்தது அதிலும் பாதி. அப்புறம் வரவில்லை.

இருமல் நின்றது. நாடி 92.

2.40. வயிறு இறுகுவது குறைகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று. பிறகு பன்னிரண்டு. திறப்பு நாலுதான். நாலு இப்போது வந்து நிற்கிறது.

வெளியே டாக்டரம்மாவும் ம.டா.வும். தாழ்ந்த குரல்.

"நின்னுட்டு."

"தெரியும். வலி வர டிரிப்ஸ் போட்டுப் பாப்போம், கொஞ்சம் கொஞ்சமா."

"நெஞ்சு தாங்குமா?"

"கத்தி வச்சா மட்டும் தாங்குமா?"

ஆறு மணி வரை பார்ப்பது, இல்லையென்றால் ஆபரேஷன். ம.டா. உள்ளே வந்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் சொன்னேன்ல என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வலி இல்லாமல் பயப்படுவது இன்னும் மோசம். வலி இருக்கும்போது வலியை மட்டும் பார்த்தால் போதும்.

3.30. குழந்தையின் துடிப்பு 140. ஆறு நிமிடத்துக்கு ஒன்று.

13.7.93 செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. ஜன்னல் ஓரக் கட்டில். இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள்.

பெண். சனிக்கிழமை சாயங்காலம் 5.55. இரண்டே கால் கிலோகூட இல்லை, இரண்டு கிலோ நூறு. உயிரோடு. அழுதாள்.

அன்று ஐந்து மணிக்கு ஏழு செ.மீ. அதன் பிறகு வேகம். என்னை முக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கருவி வைத்து உறிஞ்சி எடுத்தார். எனக்குத் தெரிந்தது ஒரு இழுப்பு மட்டும், வேறு யாருக்கோ நடப்பது போல. பெரியம்மா மகளின் சத்தம் என் தொண்டையிலிருந்து வரவேயில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி அந்தக் களகளப்பு. குழந்தை வந்ததும் வயிற்று ரத்தம் எல்லாம் நெஞ்சுக்குத் திரும்புமாம், இந்தக் கதவுக்கு அதுதான் மோசமான நேரமாம். இளஞ்சிவப்பாக நுரை வந்ததாம் வாயில். எனக்கு நினைவிருப்பது ம.டா.வின் வாட்ச், ஆம்புலன்ஸ் வேனின் மேற்கூரை, அம்மாவின் குரல் எங்கோ. தாமிரபரணியில் சின்ன வயதில் கால் வழுக்கி உள்ளே போனபோது பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, அது போல. இரண்டு நாள் வேறொன்றும் இல்லை.

இன்று மூச்சு வருகிறது. குழந்தையைத் தூக்கக் கூடாது. பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். காது இவருடையது.

14.7.93 புதன்

அம்மாவும் அத்தையும் கட்டிலின் இரண்டு பக்கமும். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

அத்தை: "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், மதினி."

அம்மா: "அதான் சொல்லல."

அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவளே:

"பிள்ளைக்கு எண்ணெய் தேச்சியா?"

"இல்ல. சிஸ்டர் கூடாதுன்னுட்டா."

"அவ கெடக்கா. உள்ளங்காலுக்கு மட்டும் தேய்ப்போம்."

கண்ணைத் திறக்கவில்லை.

டாக்டர்கள் வந்து சொன்னது: இனிக் குழந்தை கூடாது. வால்வை விரிக்க வேண்டும், மெட்ராஸ் போக வேண்டும், மூன்று மாதத்துக்குள். நெஞ்சு முற்றவும் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

15.7.93 வியாழன்

ம.டா. வந்தார். என்னைப் பார்க்க வேண்டியது அவர் வேலை இல்லை, இங்கே அவர் டாக்டரும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார்.

"அன்னைக்கு என்னென்ன நேரத்துல என்னென்ன செஞ்சுதுன்னு சொல்லு தாயி. முதல் இருமல் எப்பம்?"

பத்து மணிக்குக் கொஞ்சம் பிறகு என்றேன். நாடி நூற்றாறு ஆனது ஒன்பது இருபதுக்கு. நோட்டைப் பார்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு அந்த ஒன்பது இருபதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பமே வந்திருக்கணும். டாக்டரம்மா கூப்பிட்டாங்க. நாலு ஆகட்டும்னு சொன்னது நான்."

"சீக்கிரம் போட்டா நின்னுரும்னீங்க. நின்னுச்சே."

"நின்னுச்சு. பிறகு நடந்துச்சு. அதுக்கு மருந்து இருக்கு. இதுக்கு..." முடிக்கவில்லை.

இனி இப்படி ஒருத்தி வந்தால் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். வலி ஆரம்பித்தது உறுதியான உடனே குழாயை மட்டும் வைத்துவிடுவாராம். மருந்து அப்புறம், அவளைக் கேட்டுக்கொண்டே. எத்தனை செ.மீ. என்று முதலில் கேட்க மாட்டாராம்.

அந்தக் கால் முறிந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்டேன். மறுநாள் செய்தார்களாம். நல்ல ஆளாம், திட்டவில்லையாம்.

அவர் போன பிறகு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம். மன்னித்துவிட்டேனா தெரியவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. நேரம் கேட்டார்.

16.7.93 வெள்ளி

மழை இல்லை. காற்று மட்டும்.

காலையில் அம்மாவும் அத்தையும் குளிக்கப் போனார்கள். இவர் கஞ்சி கொண்டுவந்தார். குழந்தை தூங்கியது. ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே சொன்னேன்.

"உங்ககிட்ட முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"கோவம் இருக்கும்."

"இருக்கு. போகல." ஸ்டூலில் உட்கார்ந்தார். கஞ்சியை ஆற்றினார், ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீயும் இரு."

தலையை நிமிர்த்தவில்லை. டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். இன்றும் உப்பில்லை.